ஒரே ஷாஃப்ட்டில் இறங்கிய தூசியும் நியூட்ரினோவும்

மைசூர் மைன்ஸ் என்பது இன்று கோலார் தங்கவயலில் ஒரு பேட்டைப் பெயர். அந்தப் பெயரைக் கொடுத்த சுரங்கம் மூடிக் கால் நூற்றாண்டு ஆகிறது. 1880இல் தொடங்கிய மைசூர் கோல்டு மைனிங் கம்பெனி, ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தில், போட்ட பணமெல்லாம் கரைந்து மூட்டை கட்டும் நிலைக்கு வந்திருந்தது. கையில் மிச்சமிருந்த பணத்தோடு அனுப்பப்பட்ட பிளம்மர் என்ற சுரங்க அதிகாரி, பழங்காலத்தார் தோண்டிவிட்டுப் போயிருந்த குழிகளுக்கும் கீழே இறங்கிப் பார்த்தார். 1883 வாக்கில் அங்கே தட்டுப்பட்ட ரேகைதான் சாம்பியன் ரீஃப். அந்த ரேகையைத் தொடர்ந்து போனவர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் மேலே வந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி, அப்போது சுரங்கத்தை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது.

அறிவியலில் அரசியல் தலையிடலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் நம் பத்திரிகைகள் அமெரிக்காவைப் பார்க்கின்றன. ஸ்டெம் செல் ஆய்வுக்கு ஜார்ஜ் புஷ் போட்ட கட்டுப்பாட்டை எடுத்துக்காட்டாகச் சொல்கின்றன. அந்தக் கதை முக்கியமானது. இந்தக் கட்டுரையிலும் அது வரும், அதில் பெங்களூருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால். ஆனால் இந்தக் கேள்விக்கு இன்னும் ஆழமான பாடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தங்கவயலின் ஷாஃப்டுகளில் இரண்டு அறிவியல்கள் இறங்கின. ஒன்று, தொழிலாளியின் நுரையீரலில் என்ன நடக்கிறது என்று கேட்ட மருத்துவம். இன்னொன்று, பூமியையே துளைத்துப் போகும் துகளைத் தேடிய இயற்பியல். முன்னதை அதிகாரத்தில் இருந்தவர்கள் நெடுங்காலம் கேட்க விரும்பவில்லை. பின்னதற்கு உலகப் புகழ் கிடைத்தது, பிறகு சத்தமில்லாமல் இடமில்லாமல் போயிற்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தேனி மாவட்டத்தில் பின்னர் நியூட்ரினோ ஆய்வுக்கூடத் திட்டத்துக்கு நடந்தது விளங்கும் என்பது என் எண்ணம்.

*

தங்கம் இருந்தது குவார்ட்ஸ் பாறையில். குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. காற்றழுத்த டிரில்லை அந்தப் பாறையில் வைத்து அழுத்தும்போது கிளம்பும் மாவு போன்ற தூசியில், கண்ணுக்குத் தெரிகிற பகுதி அவ்வளவு ஆபத்தானதல்ல; மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியே வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடுகின்றன. அங்கே காவலுக்கு இருக்கும் வெள்ளணுக்கள் அவற்றை விழுங்குகின்றன, விழுங்கியதைச் செரிக்க முடியாமல் சாகின்றன. செத்த இடத்தில் தழும்பு கட்டுகிறது. வெள்ளணு செத்ததும் தூசித் துகள் மறுபடி விடுதலையாகி, அடுத்த வெள்ளணுவைக் கொல்கிறது. இப்படித் தழும்பு மேல் தழும்பாக நுரையீரல் இறுகிப் போவதுதான் சிலிக்கோசிஸ். சுரங்க வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் இது வளரும். இதற்கு இன்றைக்கும் குணப்படுத்தும் மருந்து கிடையாது. இந்த நுரையீரலில் காசநோய் எளிதாகக் குடியேறும். ஆகவே பல குடும்பங்களில் இது டி.பி. என்ற பெயரிலேயே வந்து, டி.பி. என்ற பெயரிலேயே ஆளைக் கொண்டு போயிற்று.

தூசியால் நுரையீரல் கெடுகிறது என்பது அந்தக் காலத்துச் சுரங்க உலகுக்குத் தெரியாத சேதியல்ல. தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில் இந்த நோய்க்கு உதவித்தொகை கொடுக்கும் சட்டம் 1911இலும், விரிவான சட்டம் 1912இலும் வந்துவிட்டன. அங்கேயும் அதன் பலன் முதலில் வெள்ளைத் தொழிலாளிக்கே போயிற்று என்பது வேறு அநீதி. 1930இல் ஜோகன்னஸ்பர்க்கில் சிலிக்கோசிஸ் பற்றிய சர்வதேச மாநாடே நடந்தது. இந்தியாவில் இந்த நோயைப் பற்றிய முதல் மருத்துவப் பதிவு 1934இல், கோலார் தங்கவயலிலிருந்து வந்தது. மைசூர் சமஸ்தானம் இழப்பீட்டுக்கு வழிசெய்யும் சிலிக்கோசிஸ் விதிகளை 1940இல்தான் கொண்டுவந்தது. அதற்குள் சுரங்கம் தோண்டத் தொடங்கி அறுபது ஆண்டுகள் கடந்திருந்தன. அதன் பிறகு 1940க்கும் 1946க்கும் இடையே 7,600க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்துப் பார்த்தபோது, அவர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களிடம் நோய் இருந்தது.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். பத்துப் பேரில் நான்கு பேருக்கு மேல் இருக்கும் நோயைக் கண்டுபிடிக்க நுட்பமான கருவி எதுவும் தேவையில்லை. எக்ஸ்ரே எடுக்கும் முடிவு போதும். அந்த முடிவை எடுக்காமல் இருப்பதும் அறிவியலில் தலையீடுதான். ஆய்வறிக்கையைத் திருத்துவதோ விஞ்ஞானியை மிரட்டுவதோ பிற்காலத்து முறைகள். கேள்வியே கேட்கப்படாமல் பார்த்துக்கொள்வது அவற்றுக்கெல்லாம் மூத்தது, செலவும் குறைவு. கேள்வி கேட்கப்படாதவரை இழப்பீடு இல்லை, நீர் பாய்ச்சித் துளையிடும் ஏற்பாட்டுக்கும் காற்றோட்டத்துக்கும் கூடுதல் செலவு இல்லை. ஒரு தொழிலாளி இளைத்து இருமினால் அவன் குடியும் அவன் குடியிருக்கும் லைன் வீட்டின் நெருக்கடியும் காரணமாகச் சொல்லப்படும்.

தொழிலாளிகளுக்கு விஷயம் புரியாது, அதனால் சொல்லவில்லை என்ற வாதமும் நிற்காது. வட ஆற்காட்டிலிருந்தும் அதை ஒட்டிய மாவட்டங்களிலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் அவர்கள். பெரும்பாலோர் தலித் மக்கள். கைரேகைப் பதிவைக் கட்டாயமாக்கியபோது 1930 ஏப்ரலில் ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கங்களை நிறுத்திக் காட்டியவர்கள். அயோத்திதாசப் பண்டிதரின் ‘தமிழன்’ இதழை 1926இலிருந்து ஜி. அப்பாதுரையார் மறுபடி நடத்தியது இதே தங்கவயலிலிருந்துதான். ஷிஃப்ட் முடிந்து வந்து, பகுத்தறிவையும் பௌத்தத்தையும் பற்றி வாசித்து விவாதித்த சமூகம் இது. தன் நுரையீரலைப் பற்றிய உண்மையை அறிந்துகொள்ளும் தகுதி அதற்கு இருந்தது. அதை அறியும் உரிமை மட்டும் பிறர் கையில் இருந்தது.

*

இரண்டாவது அறிவியல் 1951இல் வந்தது. ஹோமி பாபாவின் யோசனைப்படி, மைசூர்ப் பக்கம் நஞ்சன்கூட்டில் பிறந்த பி.வி. ஸ்ரீகண்டன் என்ற இளம் இயற்பியலாளர், டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்திலிருந்து கருவிகளைச் சுமந்துகொண்டு தங்கவயல் சுரங்கத்தில் இறங்கினார். வானத்திலிருந்து இடைவிடாமல் பொழியும் காஸ்மிக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதும்போது மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. அவை பாறைக்குள் எவ்வளவு ஆழம் போகும் என்பது அன்றைய கேள்வி. அதை அளக்க ஆழமான குழி வேண்டும். உலகத்திலேயே மிக ஆழமான குழிகளில் ஒன்றைத் தமிழ்த் தொழிலாளர்கள் ஏற்கெனவே தோண்டி வைத்திருந்தார்கள்.

1960களின் தொடக்கத்தில் எஸ். மியாகே, வி.எஸ். நரசிம்மம், பி.வி. ரமண மூர்த்தி ஆகியோர் பல ஆழங்களில் அளந்துகொண்டே போனார்கள். 2,760 மீட்டர் ஆழத்தில் கருவியை வைத்தபோது சுமார் இரண்டு மாதத்தில் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. வேறொருவர் இதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு இது அழைப்பாகப் பட்டது. வானத்து இரைச்சல் முழுவதும் அடங்கிய இடத்தில், பாறையால் பெரும்பாலும் தடுக்க முடியாத நியூட்ரினோ என்ற துகளின் தடத்தைக் கேட்கலாம் அல்லவா?

எம்.ஜி.கே. மேனன் தலைமையில் டாடா நிறுவனமும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, சாம்பியன் ரீஃபில் சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுத்தின. அந்தக் கருவியின் அமைப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்பது தகும். துகள் பட்டால் மினுக்கும் பிளாஸ்டிக் பலகைகளைச் சுவர்போல் நெட்டுக்குத்தாக இரு பக்கமும் நிறுத்தி, நடுவே நியான் வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய்களையும் ஈயத் தடுப்புகளையும் அடுக்கினார்கள். மேலே பார்க்கும் கருவியை ஏன் பக்கவாட்டில் திருப்ப வேண்டும்? மேலிருந்து வருவது வானத்து மியூவானாக இருக்கலாம். பக்கவாட்டில் வர வேண்டுமானால் அது பல கிலோமீட்டர் பாறையைக் கடந்திருக்க வேண்டும், மியூவானால் அது ஆகாது. ஆகவே கிடையாக ஒரு தடம் விழுந்தால், அங்கேயே பாறைக்குள் ஒரு நியூட்ரினோ மோதி அதைப் பிறப்பித்திருக்கிறது என்று பொருள். ஒரு துகள் இரு சுவரையும் கடந்தால், அதன் வழியில் இருக்கும் குழாய்கள் மட்டும் செந்நிறமாக மின்னும். கேமரா படம் எடுத்துக்கொள்ளும்.

1965இல் அப்படி ஒரு தடம் விழுந்தது. இயற்கையில் பிறக்கும் நியூட்ரினோவை மனிதர்கள் முதன்முதலில் பதிவுசெய்த இடங்களில் தங்கவயலும் ஒன்றாயிற்று. இதே தேடலில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் ராண்டு தங்கச் சுரங்கத்தில் பிரெடரிக் ரைன்ஸ் குழுவும் இருந்தது. அவர்கள் தடத்தைச் சற்று முன்னதாகவே பார்த்துவிட்டார்கள். ஆனால் தங்கவயல் குழுவின் கட்டுரை 1965 ஆகஸ்ட் 15ஆம் தேதி இதழில் முதலில் அச்சேறியது, ரைன்ஸ் குழுவுடையது ஆகஸ்ட் 30இல். சிலிக்கோசிஸ் வரலாற்றில் இருபத்தெட்டு ஆண்டு பின்தங்கி நின்ற தங்கவயல், நியூட்ரினோ வரலாற்றில் அச்சேறிய கணக்கில் அதே தென்னாப்பிரிக்காவை இரண்டு வாரம் முந்தியது. எது அவசரம், எதற்குக் காத்திருக்கலாம் என்பதை யார் தீர்மானித்தார்கள் என்பது இந்த இரண்டு கணக்கிலும் தெரிகிறது.

இயற்பியலாளர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர்களும் அதே கேஜில், அதே சூட்டுக்குள் இறங்கியவர்கள். ராக் பர்ஸ்ட் என்று மைன்ஸ்காரர்கள் சொல்லும் பாறை வெடிப்பு அவர்களுக்கும் பொதுவான ஆபத்துதான். 1980இல் அவர்கள் இன்னும் பெரிய கேள்வியோடு வந்தார்கள்: புரோட்டான் என்றைக்காவது சிதையுமா? பத்து சென்டிமீட்டர் சதுர வாயுள்ள நீண்ட இரும்புக் குழாய்களை 34 அடுக்காக, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, 140 டன் எடையுள்ள கருவியைக் கீழே கட்டினார்கள். புரோட்டான் சிதைவைத் தேடுவதற்கென்றே அமைத்த உலகின் முதல் பெரிய கருவிகளில் அது ஒன்று. சந்தேகத்துக்குரிய சில நிகழ்வுகளை அறிவித்தார்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பின்னர் வந்த பன்மடங்கு பெரிய கருவிகள் அவற்றை உறுதிசெய்யவில்லை. அறிவியல் இப்படித்தான் தன்னைத் திருத்திக்கொள்ளும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

வெட்கப்பட வேண்டியது அடுத்து நடந்தது. தங்கத்தின் விலைக்கும் தோண்டும் செலவுக்கும் கட்டுபடியாகாமல் சுரங்கத்தைப் படிப்படியாக மூடும் முடிவு வந்தபோது, ஆய்வுக்கூடம் 1992இல் நின்றுபோயிற்று. அறிவியலுக்காக ஒரு ஷாஃப்ட்டையாவது காப்பாற்றி வைக்கும் ஏற்பாடு நடக்கவில்லை. ஆழச் சுரங்கத்தில் பம்பை நிறுத்தினால் தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். பிறகு யார் நினைத்தாலும் இறங்க முடியாது. யாரும் எதையும் தடைசெய்யவில்லை, யாரும் மேடையில் முழங்கவில்லை. ஒரு நிதிக் கணக்கில் வராமல் போனது, அவ்வளவுதான். ஜப்பானில் காமியோகா சுரங்கத்தில் தொடர்ந்து பெரிதாக்கப்பட்ட கருவி 1998இல் நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்று காட்டியது. 2002இலும் 2015இலும் நோபல் பரிசு அந்தச் சுரங்கத்தில் நடந்த பணிகளுக்குப் போயிற்று.

*

தங்கவயல் மூடிய அதே 2001ஆம் ஆண்டில், ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு, அமெரிக்க அதிபர் புஷ் தொலைக்காட்சியில் தோன்றி ஸ்டெம் செல் பற்றித் தன் முடிவை அறிவித்தார். உடலின் எந்த உறுப்பின் செல்லாகவும் மாறக்கூடிய கருநிலை ஸ்டெம் செல்லை மனிதக் கருவிலிருந்து முதலில் பிரித்து வளர்த்தது 1998இல், விஸ்கான்சினில், ஜேம்ஸ் தாம்சன் குழு. அதற்குச் சில நாளே ஆன கருவை அழிக்க வேண்டியிருந்தது. கருவும் உயிர்தான் என்று நம்பும் மக்களின் எதிர்ப்பு அங்கே வலுவாக இருந்தது. புஷ் ஒரு நடுவழியைத் தேர்ந்தார்: அந்த இரவுக்கு முன்பே உருவான செல் வரிசைகளை வைத்து ஆராய மட்டும் அரசுப் பணம் கிடைக்கும், புதிதாக உருவாக்கியவற்றுக்குக் கிடைக்காது. அறுபதுக்கும் மேற்பட்ட வரிசைகள் உலகில் ஏற்கெனவே இருக்கின்றன, ஆய்வுக்கு அவை போதும் என்பது அவர் வாதம்.

அந்த மாதக் கடைசியில் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் வெளியிட்ட பட்டியலில் பத்து நிறுவனங்களின் 64 வரிசைகள் இருந்தன. அவற்றில் பத்து இந்தியாவிலிருந்து: மும்பையின் ரிலையன்ஸ் லைஃப் சயன்சஸ் ஏழு, பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையம் மூன்று. பெங்களூர் மையம் வேறு யாருடையதும் அல்ல. தங்கவயலில் இறங்கிய அதே டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் கிளை. தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறினால் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் ஓர் ஆய்வகம், வாஷிங்டன் அரசியலின் கணக்கில் ஒரே இரவில் சேர்ந்துவிட்டது.

கணக்கு சரியாக வரவில்லை. பட்டியலில் இருந்தவற்றில் பல, ஆராய்வதற்கேற்ற நிலைக்கு வளரவே இல்லை, சில செத்துப்போயின, சில உரிமைச் சிக்கலில் மாட்டின. ஆண்டுகள் கடந்த பிறகும் அமெரிக்க விஞ்ஞானிகளின் கைக்கு உண்மையில் வந்தவை 21 வரிசைகளே. இந்திய வரிசைகள் எதுவும் அந்த 21இல் இல்லை. கட்டுப்பாட்டைத் தளர்த்த அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவைப் புஷ் 2006இலும் 2007இலும் மறுத்துத் திருப்பினார். அதற்கு முன்பே, 2004இல், அதிபரின் உயிர் அறநெறிக் குழுவில் இருந்த எலிசபெத் பிளாக்பர்ன் நீக்கப்பட்டார். குழுவின் அறிக்கைகளில் அறிவியல் சரியாகக் காட்டப்படவில்லை என்று அவர் மாறுபட்டிருந்தார். 2009இல் அவர் நோபல் பரிசு வாங்கினார். அதே ஆண்டு மார்ச் 9இல் ஒபாமா அந்தக் கட்டுப்பாட்டை நீக்கி, அன்றே அறிவியல் நேர்மை பற்றி அரசுத் துறைகளுக்கு ஒரு குறிப்பாணையும் அனுப்பினார்.

இதில் எது தலையீடு? கருவை அழிக்கும் ஆய்வுக்கு வரிப்பணம் கொடுக்க மாட்டேன் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு சொல்வதை நான் தலையீடு என்று சொல்ல மாட்டேன். அந்த முடிவு தவறு என்று நினைக்கிறேன். ஆனால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, எதற்குப் பணம் கொடுக்கலாம் என்பதை மக்களாட்சியில் மக்களின் பிரதிநிதிகள்தான் தீர்மானிக்க வேண்டும். தலையீடு தொடங்குவது, முடிவுக்கு ஏற்றபடி உண்மையை வளைக்கும்போது. சோதித்துப் பார்க்காத அறுபதை ஆதாரமாகக் காட்டியதும், மாறுபட்டுப் பேசிய விஞ்ஞானியை மேசையிலிருந்து எழுப்பியதும் அந்த வகை. சுரங்கத்தில் எக்ஸ்ரே எடுக்காமல் இருந்ததும் அதே வகைதான்.

இந்தியாவில் ஸ்டெம் செல்லின் கதை வேறு பக்கம் திரும்பியது. இங்கே கருவைப் பற்றிய சமயச் சண்டை அவ்வளவாக இல்லை. ஸ்டெம் செல்லுக்கெனத் தனி நெறிமுறை 2007இல் வந்தது. 2017இல் திருத்திய நெறிமுறை, இரத்த நோய்களுக்குச் செய்யும் இரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர மற்ற எல்லாமே ஆய்வு நிலையில்தான் இருக்கின்றன, முறைப்படி நடக்கும் மருத்துவச் சோதனைக்கு வெளியே யாருக்கும் செலுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனால் ஆட்டிசத்துக்கும் முதுகெலும்பு முறிவுக்கும் ஊசி போட்டு லட்சக்கணக்கில் வாங்கும் கிளினிக்குகள் பெருநகரங்களில் நடந்தன. பெற்றோர் நகையை விற்றுக்கொண்டு போனார்கள். இங்கே அரசு செய்த தவறு, தலையிட வேண்டிய இடத்தில் தலையிடாமல் இருந்தது. தாளில் இருக்கும் விதி தூசியையும் தடுக்காது, ஊசியையும் தடுக்காது.

*

தங்கவயல் மூடிய பிறகு நியூட்ரினோ ஆய்வுக்கு இந்தியாவில் இடமில்லாமல் போனது. புதிய ஆய்வுக்கூடத்துக்கான திட்டத்தை முன்னின்று நடத்தியவர் நபகுமார் மண்டல். தங்கவயலின் புரோட்டான் சோதனைக் கட்டுரைகளில் அவர் பெயர் இருக்கிறது. அங்கே பாதியில் விட்டதைத் தொடர்வதுதான் நோக்கம். முதலில் நீலகிரியின் சிங்காராவைப் பார்த்தார்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்தின் எல்லையை ஒட்டியிருந்ததால் 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்துவிட்டது. அடுத்துத் தேனி மாவட்டம் பொட்டிப்புரம். மேற்கு போடி மலைக்குள் சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதை, அதன் முடிவில் 50,000 டன் இரும்பாலான காந்தக் கருவி. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது.

அந்த ஆண்டு மார்ச்சிலேயே வைகோ தொடுத்த வழக்கில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை பணியை நிறுத்தியது. பூவுலகின் நண்பர்கள் என்ற சுற்றுச்சூழல் அமைப்பினர் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2017 மார்ச்சில் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்ததைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது முக்கியக் காரணம். ஓராண்டில் அமைச்சகம் கட்டடக் கட்டுமானத் திட்டங்களுக்கான பிரிவில், தனி நேர்வாக, மறுபடி அனுமதி கொடுத்தது. மலையைக் குடைவதைக் கட்டடப் பிரிவில் வைத்ததைப் பார்த்த எவருக்கும் சந்தேகம் கூடத்தான் செய்யும். 2021இல் முதல்வர் ஸ்டாலின் திட்டத்தைக் கைவிடும்படி பிரதமருக்கு எழுதினார். 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, புலிகள் நடமாடும் வழித்தடம் என்ற காரணத்தைச் சொல்லி, அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

மேடைகளில் பேசப்பட்டது இந்த நீதிமன்றக் காரணங்களாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அங்கே பேசப்பட்டது நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும், அணுக்கழிவைக் கொண்டுவந்து புதைப்பார்கள், வேறு நாட்டுக்கான ஆயுதச் சோதனை இது என்பவை. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் ஒவ்வொரு நொடியும் நம் உடலுக்குள் பல லட்சம் கோடிக் கணக்கில் புகுந்து போகின்றன. மலையைக் குடைந்தாலும் குடையாவிட்டாலும் போகும். கருவி அவற்றைப் பிறப்பிப்பதில்லை, வருவதை எண்ணுகிறது. தமிழில் அறிவியலைப் பரப்பியதாகப் பெருமைப்படும் இயக்கங்களின் மேடையிலிருந்தே இந்த அச்சம் விதைக்கப்பட்டது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

அதே நேரம், பொட்டிப்புரத்து விவசாயிக்கு நம்பிக்கை வர என்ன காரணம் இருந்தது? திட்டம் அணுசக்தித் துறையுடையது. கூடங்குளத்தில் கேள்வி கேட்ட ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டதை அவர் சில ஆண்டுகளுக்கு முன்புதான் பார்த்திருந்தார். அவர் கேட்ட கேள்விகளில் பல, வெடி வைப்பதால் வரும் தூசி, தோண்டிய கல்லைக் கொட்டும் இடம், கிணற்று நீர், மேய்ச்சல் வழி பற்றியவை. அவை சரியான கேள்விகள். அவற்றுக்கான பதிலை, நியூட்ரினோ ஆபத்தில்லை என்ற இயற்பியல் விளக்கத்துக்குள் கரைத்துவிட முடியாது.

தங்கவயலுக்கு இரண்டும் தெரியும். நாற்பது ஆண்டு நியூட்ரினோவையும் மியூவானையும் எண்ணிய ஷாஃப்டுகள் அங்கே இருந்தன. அந்தத் துகள்களால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே ஷாஃப்டுகளில் குவார்ட்ஸ் தூசியால் ஆயிரக்கணக்கான நெஞ்சுகள் இறுகின. நியூட்ரினோவைப் பற்றிப் பயப்பட வேண்டாம், பாறைத் தூசியைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள் என்று சொல்லக்கூடிய ஓய்வுபெற்ற தொழிலாளர்களைப் பேருந்தில் ஏற்றிப் பொட்டிப்புரத்துக்கு அழைத்துச் சென்று பேச வைத்திருக்கலாம். திட்டம் நடந்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. புலி வழித்தடம் என்ற ஒரு காரணமே அதை நிறுத்தப் போதுமானதாக இருக்கலாம். ஆனால் ஊர் மக்கள் உண்மையான காரணத்துக்காக வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லியிருப்பார்கள். சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் நிலத்துக்கடியில் 700 மீட்டர் ஆழத்தில் 20,000 டன் திரவத்தோடு கட்டிய ஜூனோ கருவி 2025 ஆகஸ்ட்டில் இயங்கத் தொடங்கிவிட்டது. நியூட்ரினோ வகைகளில் எதன் நிறை கூடுதல், எதன் நிறை குறைவு என்று தேனியில் கேட்க நினைத்த கேள்விக்கு அங்கே விடை தேடுகிறார்கள்.

*

தங்கவயலில் இன்னொரு முடிவு இப்போது எடுக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. தங்கம் எடுத்த பின் கொட்டிய மணல், சயனைடு மேடு என்று ஊரார் சொல்லும் குன்றுகளாக, பதின்மூன்று இடங்களில் நிற்கிறது. காற்றடி காலத்தில் அது வீட்டுக்குள் வரும். சோற்றுத் தட்டில் விழும். அரைத்த குவார்ட்ஸ்தான் அதில் பெரும்பகுதி. மிச்சமுள்ள தங்கத்தை எடுக்க, ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பிலுள்ள அந்த மேடுகளை மறுபடி கிளற 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு கொடுத்தது. மைசூர் மைன்ஸிலும் சாம்பியன் ரீஃபிலும் மாரிக்குப்பத்திலும் வேலையில்லாமல் தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போகும் பிள்ளைகளுக்கு இதனால் ஊரிலேயே வேலை கிடைக்கலாம். அதை நான் எதிர்க்கவில்லை.

முதல் லாரி மேட்டுக்குப் போவதற்கு முன் மூன்று வேலைகள் நடக்க வேண்டும். உயிரோடிருக்கும் பழைய சுரங்கத் தொழிலாளர்கள் எல்லாருக்கும், மேட்டை ஒட்டிய லைன்களில் இருப்பவர்களுக்கும், கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத மருத்துவர்களைக் கொண்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நுண்தூசியில் சிலிக்கா எவ்வளவு என்று ஓராண்டு முழுக்க, காற்றடி காலத்தையும் சேர்த்து, அளக்க வேண்டும். இரண்டின் முடிவையும் கன்னடத்திலும் தமிழிலும் எழுதி, ராபர்ட்சன்பேட்டை நகராட்சியிலும் ஒவ்வொரு லைனின் முகப்பிலும் ஒட்ட வேண்டும்.